கிந்தனாருக்கு நந்தி விலகுமா?

கெங்குவார்பட்டி, தேவதானப்பட்டி, வத்தலக்குண்டு பக்கம் அம்மன் கோயிலுக்குச் சாமி சாட்டிவிட்டால், முதல் வேலையாக ரேடியோ செட்டுக்காரருக்குச் சொல்லிவிடுவார்கள். குழாய் கட்டியதும் பிள்ளையார் பாட்டு ஒன்று, பிறகு அம்மன் பாட்டு, முருகன் பாட்டு. கொஞ்ச நேரம் போனால் அதே குழாயில் சினிமாப் பாட்டு, அதோடு நகைச்சுவைப் பாட்டு. இசைத்தட்டு சுழன்ற காலத்திலிருந்தே வரிசை இதுதான். பொங்கல் அன்று ராத்திரி வள்ளி திருமணம் நாடகம் என்றால், வள்ளியும் வேலனும் மேடையேற நேரமாகும். அதற்கு முன்னாலேயே பபூன் வந்துவிடுவார். ஆர்மோனியக்காரர் சுருதி பிடித்துக் கொடுக்க, மிருதங்கமும் ஆல்ரவுண்ட் தாள வாத்தியமும் அவர் அடிக்கிற ஒவ்வொரு கிண்டலுக்கும் ஒரு வெட்டு வெட்ட, ஊர்ப் பெரியதனம் முதல் மாமியார் மருமகள் வரை எல்லாரையும் கேலிக்கு இழுப்பார். நாடகம் சனங்களுக்காக மட்டும் போடுவதில்லை, சாமி பார்க்கத்தான் போடுகிறோம் என்பது ஊர்க்கணக்கு. சாமி முகம் பார்க்கிற மாதிரி மேடை போடும் வழக்கமும் அதனால் வந்ததுதான். அப்படியானால் பபூனின் கேலியையும் சாமி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதில் யாருக்கும் மனக்குறை இல்லை. அதே கேலி வழிபாட்டின் மேலும் சாதியின் மேலும் ஆசாரத்தின் மேலும் திரும்பும்போது மட்டும் 'சாமி காரியத்தில் விளையாட்டு வேண்டாம்' என்ற குரல் எழுகிறது. லேசில் தள்ளிவிடக்கூடிய குரல் இல்லை அது. பக்திக்குள் சிரிப்புக்கு இடம் உண்டா, உண்டென்றால் எதுவரைக்கும் என்பது பழைய கேள்வி. என். எஸ். கிருஷ்ணன் பாடி, படத்திலும் ஒலிப்பதிவிலும் விட்டுச்சென்ற 'கிந்தனார்' கதாகாலட்சேபத்தை முன்னால் வைத்துக்கொண்டு அதற்கு விடை தேடுவது வசதி. ஏனென்றால் அதில் கேலியும் இருக்கிறது, சாமி கதையும் இருக்கிறது, இரண்டையும் பிரிக்கவும் முடியாது.

கலைவாணர் என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணனின் வாழ்க்கை பலருக்கும் தெரிந்ததே. 1908-இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறப்பு, வில்லுப்பாட்டு, டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழு, 1936-இல் 'சதிலீலாவதி', பிறகு மனைவி டி. ஏ. மதுரத்தோடு சேர்ந்து தமிழ்ப் படங்களுக்கென்றே ஒரு நகைச்சுவைத் தடம், நடுவில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு, சிறை, 1947-இல் விடுதலை. வெளியே வந்தபின் 1949-இல் வந்த படம் 'நல்லதம்பி'. கதை அண்ணாவுடையது, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. அந்தப் படத்தில்தான் கிந்தனார் வருகிறார். பாட்டுக்குச் சொல் கொடுத்தவர் உடுமலை நாராயணகவி. படம் பார்க்க உட்கார்ந்தவர்களுக்கு, சிதம்பர தரிசனத்துக்கு ஏங்கிய ஒடுக்கப்பட்ட சாதி அடியார் நந்தனாரின் கதை புதிதல்ல. 1935-இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்திருந்தார். 1942-இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் பாடி உருக வைத்திருந்தார். அந்தக் கண்ணீர் காய்ந்து ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. கிந்தனாரிலும் அதே கதாகாலட்சேப அமைப்பு, அதே பாகவதர் தோரணை, அதே பின்பாட்டு. கதையில் மட்டும் நந்தனுக்குப் பதில் கிந்தன், சிதம்பரத்துக்குப் பதில் பட்டணம், தரிசனத்துக்குப் பதில் படிப்பு. ஒடுக்கப்பட்ட சாதிப் பையன் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் அவமானப்பட்டு, ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். கதை அவ்வளவுதான்.

ஒரு புனிதக் கதையை இப்படித் திருப்பலாமா என்பதுதான் முதலில் எழும் ஆட்சேபம். ஆனால் நந்தனார் கதை எப்போது திருப்பப்படாமல் இருந்தது? பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் புராணத்தில் நந்தனாரை வேலை வாங்கிக் கொடுமை செய்கிற பண்ணை வேதியர் கிடையாது. நாற்பது வேலி நிலத்தை ஒரே ராத்திரியில் விளைவித்துக் காட்டிவிட்டுச் சிதம்பரம் போ என்று அவர் சொல்வதும், சிவகணங்கள் வந்து அதைச் செய்துமுடிப்பதும் கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்த்தவை. அவருடைய நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப் பாயிரம் தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் தயங்கினார், பாரதியாரைப் பலமுறை நடக்கவிட்டார், கடைசியில் அவர் பாடக் கேட்டு உருகித்தான் எழுதிக் கொடுத்தார் என்று உ.வே.சா. வழியாக நமக்குத் தெரியும். இன்றைக்கு நந்தனார் சரித்திரத்தின் உயிர் என்று நாம் நினைக்கிற பண்ணையாள் துயரம், புராணத்தை விட்டு விலகியதால் கிடைத்தது. பாரதியார் விலகினால் பக்தி, கிருஷ்ணன் விலகினால் பரிகாசம் என்று சொல்பவர், விலகல் குற்றமில்லை, சிரிப்புதான் குற்றம் என்று ஒப்புக்கொள்கிறார். அப்படி ஒப்புக்கொண்டால் விவாதம் சரியான இடத்துக்கு வந்துவிடுகிறது.

அந்தச் சிரிப்பு எங்கே பிறக்கிறது என்று காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். ரயில் வரும் இடத்தை எடுத்துக்கொள்ளலாம். பாகவதர் குழைந்து குழைந்து பாட வேண்டிய யாத்திரைக் கட்டம் அது. கதாகாலட்சேபம் கேட்டுப் பழகிய காது ஒரு கோபுர வர்ணனைக்கோ நதி வர்ணனைக்கோ தயாராகிறது. கிருஷ்ணனோ கரும்புகை கக்கும் என்ஜினைத் துதிக்கிறார். வல்லெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உருளும் சக்கரச் சத்தம்தான் தாளமே. அவர் குரல் கச்சேரிக் குரல் இல்லை. பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே நழுவுகிற குரல், ஒரு சொல்லும் மழுங்காத நாஞ்சில் நாட்டு உச்சரிப்பு. தேசிகர் மாதிரிப் பாட வராததால் அல்ல, பாடக் கூடாது என்பதால் அப்படிப் பாடுகிறார் என்று கேட்கும்போதே தெரியும். துதி ஏறிக்கொண்டே போய், உயர்ந்தவன் தாழ்ந்தவன் என்று பாராமல் எல்லாரையும் ஒரே பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகிற குணத்துக்காக ரயிலைக் கும்பிடுகிற இடத்தில் வந்து நிற்கிறது. அந்த இடத்தில் வரும் சிரிப்பு என்ஜினைப் பார்த்து வருவதில்லை. ஒரு இரும்பு வண்டிக்கு இருக்கிற குணம் சன்னிதிக்கு இல்லையே என்று திடீரென உறைப்பதால் வருவது. ரயிலும் அவ்வளவு யோக்கியமில்லை என்று இங்கே ஒருவர் குறுக்கிடலாம். பெட்டி பொது, ஆனால் ஸ்டேஷன் சாப்பாட்டு அறை பொது இல்லை. பிராமணர்களுக்குத் தனி இடம் வைத்திருந்த வழக்கத்தைத் தென்னிந்திய ரயில்வே விட்டது 1941-இல்தான், அதுவும் போராடிய பின். உண்மை. பாட்டு அதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறது, துதி என்றாலே குறையை மறைப்பதுதான் என்பதால். 1928-இல் மதுரை–போடி பாதை வந்த இந்தத் தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு, அந்தப் பெட்டி வெளி உலகத்தை எவ்வளவு கிட்டே கொண்டுவந்தது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி பரிகாசம் பக்திக்கு விரோதமா என்ற கேள்வி. தமிழ்ச் சைவம் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. சுந்தரர் தேவாரத்தைத் தொடங்குவதே சிவனைப் பைத்தியக்காரன் என்று அழைத்துத்தான்; கண் போன பிறகு திருவாரூரில் வந்து நின்று, நீர் சுகமாக இருந்தால் சரிதான் என்கிற பாவனையில் குத்திக் காட்டுகிறார். காளமேகம் சாமியின் குடும்பத்தையே சந்திக்கு இழுத்திருக்கிறார். பாபவிநாச முதலியாரும் மாரிமுத்தாப் பிள்ளையும் நடராசரின் தூக்கிய காலையும் பிச்சை எடுக்கும் பிழைப்பையும் வைத்துச் செய்த நிந்தாஸ்துதிகள் இன்றும் சபைகளில் பாடப்படுகின்றன. கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள், ஒருவரும் எழுந்து போவதில்லை. இவர்களோடு கிந்தனாரை நிறுத்திப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். நிந்தாஸ்துதி நேராகக் கடவுளைத்தான் கேலி செய்கிறது. கிந்தனார் கடவுளைத் தொடவே இல்லை. அதில் அடிபடுவது வாத்தியார், ஊர், வழக்கம், வாசலில் நிற்கிற மனிதர்கள். தெய்வ நிந்தனை என்பதைச் சொல்லுக்குச் சொல் அளந்தால் சுந்தரருக்குத்தான் தண்டனை அதிகம் வரும். கடவுளைக் கேலி செய்தால் பொறுத்துக்கொள்கிறோம், கடவுளின் காவல்காரர்களைக் கேலி செய்தால் பொறுப்பதில்லை. இந்த வித்தியாசத்துக்குப் பக்தியில் காரணம் தேடிக் கிடைக்காது. அதிகாரத்தில் தேடினால் உடனே கிடைக்கும்.

எதிர்த்தரப்பு இதற்குச் சொல்லும் பதில் வலுவானது. சுந்தரர் உள்ளே இருப்பவர். தோழமை உரிமையில் திட்டினார். கிருஷ்ணன் அண்ணாவின் நண்பர், சுயமரியாதைப் பேச்சின் காற்று பட்டவர். வெளியே நின்று கல்லெறிவதையும் வீட்டுக்குள் நடக்கும் சண்டையையும் ஒன்றாக்கலாமா? அவரைப் பக்தராக்கி அணைத்துக்கொள்வது என் நோக்கமில்லை; அது அவருக்கும் அநியாயம், அவர் நின்ற இயக்கத்துக்கும் அநியாயம். காந்தியின் கதையை வில்லுப்பாட்டாகப் பாடியவரும் அவரே என்பதால், ஏதாவது ஒரு கட்சிச் சட்டைக்குள் அவரை முழுதாகத் திணிக்கவும் முடியாது. நான் கேட்பது வேறு: உள்ளே, வெளியே என்ற கோட்டைப் போட்டது யார்? அவர் பிறந்து வளர்ந்த ஊருக்குப் பக்கத்தில் சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக 1926-இல் சத்தியாகிரகம் நடந்தது. கோயிலுக்குள் போக அல்ல, தெருவில் நடக்க. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பரில். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் கக்கன் முதலானவர்களை அழைத்துப் போனது 1939 ஜூலை 8-இல். அதுவரை ஒரு பெரும் கூட்டம் வெளியேதான் நிறுத்தப்பட்டிருந்தது. வெளியே நிறுத்திவிட்டு, வெளியே நின்று பேசாதே என்பது என்ன நியாயம்? தோழமையில் திட்டும் உரிமை உள்ளே விடப்பட்டவருக்கு மட்டும்தான் என்றால், நந்தனாருக்கே அந்த உரிமை கிடையாது. அவர் கதை முழுக்க ஒரு கேலிச் சொல் அவர் வாயில் இல்லாதது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். கிந்தனார் அவருக்கு விட்டுப்போன பங்கைப் பாடுகிறார்.

பாடுகிறவரின் நம்பிக்கையைச் சோதித்துத்தான் பாட்டை ஏற்க வேண்டும் என்பதும் இந்த மண்ணின் வழக்கத்துக்கு ஒத்துவராது. தேவதானப்பட்டியில் மஞ்சளாற்றங்கரையில் இருக்கிற மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலில் கருவறைக் கதவைத் திறப்பதில்லை. பூசையெல்லாம் சாத்திய கதவுக்குத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டு, நேர்த்திக்கடன் செலுத்தி, வரம் வாங்கிப் போகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றிடம் இவ்வளவு பெரிய மனதோடு நடந்துகொள்ளத் தெரிந்தவர்கள், ஒரு பாட்டுக்காரரின் நெஞ்சை மட்டும் திறந்து பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வேன் என்பது பொருந்தவில்லை. எழுபது வருஷத்துக்கு மேல் கடந்து நமக்கு வந்து சேர்ந்திருப்பது ஒரு குரல். அது கேட்பவரிடத்தில் என்ன செய்கிறது என்பதை மட்டுமே நம்மால் பார்க்க முடியும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கடினமானது. இதற்கு எனக்கு முழுப் பதில் கிடையாது. நந்தனாரிடம் இருந்த தாகம் கிந்தனாரிடம் இல்லை என்பது அது. நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று ஒரு ஆயுளையே காத்திருப்பாக மாற்றியவர் நந்தனார். கிந்தனுக்கு வேண்டியதோ படிப்பு, பதவி, மரியாதை. ஆத்மா கேட்டதை உத்தியோகமாகச் சுருக்கிவிட்டீர்களே என்றால், ஆமாம், சுருங்கத்தான் செய்திருக்கிறது. சிரிப்பால் ஏக்கத்தை உண்டாக்க முடியாது. தேசிகர் குரலில் இருந்த அந்த ஒன்று கிருஷ்ணன் குரலில் வராது, அவர் முயலவும் இல்லை. ஆனால் ஏக்கம் கேட்கத் தவறிய ஒரு கேள்வியைச் சிரிப்பு கேட்டுவிடுகிறது. திருப்புன்கூரில் நந்தி விலகியது நந்தனாருக்காக. அவரோடு வந்த சேரி சனத்துக்கு நந்தி விலகியதா? தில்லையில் நெருப்பில் இறங்கி, பழைய உடம்பு போய், முனிவர் கோலத்தோடு அவர் எழுந்தார்; சன்னிதிக்குள் போனார். அவருடைய சாதிசனம் அன்றைக்கும் எல்லைக்கு வெளியேதான் நின்றது, மறுநாளும் நின்றது, அதற்கடுத்து ஆயிரம் வருஷத்துக்கு மேலும் நின்றது. அற்புதம் ஒருவருக்குக் கதவைத் திறந்துவிட்டு அவர் பின்னாலேயே சாத்திக்கொண்டது. கிந்தனார் கதையில் அற்புதம் இல்லை, சிவகணம் இல்லை, பள்ளிக்கூடமும் ரயிலும்தான். ஆனால் டிக்கெட் எடுத்தால் அந்த ரயிலில் அடுத்தவனும் ஏறலாம், கிந்தன் படித்த வகுப்பில் நாளைக்கு அவன் தம்பியும் உட்காரலாம். தனி மனித மோட்சத்தைவிடப் பொது வழி சின்ன விஷயம் என்று வேதாந்தி சொல்லலாம். சேரிக்காரரிடம் கேட்டால் கணக்கு மாறும். இதை ஒரு பிரசங்கமாகச் சொல்லியிருந்தால் கேட்டவர்கள் கோபித்துக்கொண்டிருப்பார்கள், அல்லது தூங்கியிருப்பார்கள். சிரித்துவிட்ட பிறகோ, சிரித்தேன் என்பதை மறுக்க முடியாது. எதற்குச் சிரித்தோம் என்று யோசித்துத்தான் ஆக வேண்டும்.

சிரிப்பை இப்படித் தூக்கிப் பிடிக்கும்போது அதன் அசிங்கத்தையும் சொல்ல வேண்டும். பழைய காமிக் தட்டுகளை வரிசையாகக் கேட்டால் காது கூசும். பெண்டாட்டியை அடக்குவது, குருடு செவிடு திக்குவாய், வேற்று ஊர்க்காரர் பேச்சு என்று எளியவர்களை வைத்துச் செய்த சிரிப்பு அவற்றில் ஏராளம். கலைவாணர் பாட்டுகளிலும் எல்லாமே இன்று நாக்கூசாமல் பாடக்கூடியவை என்று சத்தியம் செய்ய மாட்டேன். சிரிக்கும் நேரத்துக்கு இதயம் மரத்துப்போக வேண்டும் என்று பிரெஞ்சுத் தத்துவக்காரர் பெர்க்ஸன் 1900-இல் எழுதினார். இந்த வகைத் தட்டுகளைப் பற்றி அவர் சொன்னது சரி. தொல்காப்பியர் இன்னும் விரிவாகப் பார்த்தார். எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று அது பிறக்கும் இடங்கள் நான்கைக் காட்டுகிறார். நான்கில் ஒன்றுதான் எள்ளல். மற்ற மூன்றிலும் சிறுபிள்ளைத்தனமும் வெள்ளந்தித்தனமும்தான் இருக்கின்றன, அங்கே இதயம் மரக்க வேண்டியதில்லை. கிந்தனாரில் இரண்டு வகையும் உண்டு. பட்டணத்தைப் பார்க்கப் போகும் பையன்மேல் வருவது கனிந்த சிரிப்பு, ஊர்மேல் வருவது எள்ளல். எந்தச் சிரிப்பு யார்மேல் விழ வேண்டும் என்பதில் அந்தப் பாட்டு பிசகவில்லை. சன்னிதியில் எதைப் பாடலாம், எதைப் பாடக் கூடாது என்று ஒரு அளவுகோல் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். கடவுள் பெயர் வருகிறதா என்று பார்ப்பது பிரயோசனமில்லாத சோதனை.

ஒலிப்பதிவு என்கிற விஷயம் பாக்கி இருக்கிறது. ஒரு ஜோக்கை இரண்டாம் தரம் கேட்டால் சிரிப்பு பாதி, மூன்றாம் தரம் சலிப்பு என்பார்கள். பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷம். அதே மூன்று நிமிஷத்தை ஜனங்கள் நூறு தரம் திருப்பிப் போட்டுச் சிரித்தார்கள் என்றால் அது ஆச்சரியத்தால் வந்த சிரிப்பு அல்ல. கதாகாலட்சேபத்துக்குப் போகிறவருக்கு நந்தி விலகும் என்று முன்னாலேயே தெரியும். தெரிந்திருந்தும் விலகும் இடத்தில் உடம்பு சிலிர்க்கும். கிந்தனார் கேட்பவருக்கும் அதே நிலைமைதான்.   பதிவு வாய்க்காதவர்களும் உண்டு. இந்தத் தேனி மாவட்டத்திலேயே பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் கிண்டலும் குத்தலுமாகப் பாடியவர். அவர் பேர் நின்றிருப்பது பெரும்பாலும் கேட்டவர்கள் நினைவில். கிருஷ்ணனுக்குப் பதிவு வாய்த்தது. மேடையில் ராத்திரிக்கு ராத்திரி அவர் மாற்றிப் பாடியிருக்கக்கூடியதெல்லாம் போய், ஒரு வடிவம் மட்டும் உறைந்து நிற்கிறது. அதை வைத்து அவரை அளப்பதில் குறை உண்டுதான், வேறு வழியில்லை.

சிரிப்புப் பாட்டுகள் கெட்டுப்போவது, கேலி செய்த பொருள் மறைந்துபோவதால். காளமேகத்தின் பாதி வசைக்கு இன்று உரைகாரர் வேண்டும். கிந்தனாருக்கும் அந்தக் கதி வர வேண்டும் என்று அதைப் பாடியவரே ஆசைப்பட்டிருப்பார். பள்ளிக்கூடத்தில் சாதியா, அது எப்படி என்று ஒரு பையன் உரை கேட்கிற நாள் வந்தால் பாட்டு வென்றது என்று அர்த்தம். அந்த நாள் வரவில்லை. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதி அடையாள நிறக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்திருக்கிறது. கிந்தனார் பாட்டுக்கு இப்போதைக்கு உரை எழுத வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.